ஜகந்நாதரும் மருந்துண்ணும் 15 நாள்கள்

மழைக்காலச் சளிக்கும் இருமலுக்கும் வீட்டு வைத்தியம்; முதியோர் அறிய வேண்டிய அளவும் எல்லையும்

ஒடிசா மாநிலத்தின் கடற்கரைத் தலமான புரியில், ஆண்டுதோறும் ஜ்யேஷ்ட மாதப் பௌர்ணமியன்று ஸ்நான யாத்திரை என்னும் திருமஞ்சன விழா நடைபெறுகிறது. கருவறையில் வீற்றிருக்கும் ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை ஆகிய மூவரும் அன்று ஸ்நான மேடைக்கு எழுந்தருளுகின்றனர். ஆலயத்தின் பொற்கிணற்றிலிருந்து 108 குடங்களில் நீர் கொண்டுவரப்பட்டு அவர்களுக்கு அபிஷேகம் செய்யப்படுகிறது.

அத்தனை நீரில் நனைந்தமையால் சுவாமிக்குக் காய்ச்சல் கண்டுவிடுகிறது என்பது புரியின் மரபு. அன்று தொடங்கிச் சுமார் 15 நாள்கள் ‘அனவசரம்’ எனப்படும் ஓய்வுக் காலம். பொது தரிசனம் கிடையாது. வழக்கமான நிவேதனங்கள் நிறுத்தப்பட்டு, பழம், பானகம் போன்ற எளிய உணவே சமர்ப்பிக்கப்படுகிறது. தைத்தாபதியர் என்னும் பரம்பரைச் சேவகர்கள் உடனிருந்து பணிவிடை செய்கின்றனர். மூலிகைத் தைலம் சாத்தப்படுகிறது. பத்து வேர்கள் சேர்ந்த தசமூல மருந்து அளிக்கப்படுகிறது. அந்நாள்களில் புரிக்கு வரும் அடியார்கள் பிரம்மகிரியிலுள்ள அலர்நாதர் ஆலயத்திற்குச் சென்று பெருமாளைச் சேவிக்கின்றனர். ஓய்வு முடிந்து சுவாமி புத்திளமையோடு காட்சி தரும் நாளுக்கு ‘நவயௌவன தரிசனம்’ என்று பெயர். அதன் பின்னரே உலகப் புகழ்பெற்ற ரத யாத்திரை.

உலகைக் காக்கும் பரம்பொருளுக்கு நோய் ஏது? அடியார்கள் கண்டு தெளிவதற்காகவே இந்த லீலை என்பர் பெரியோர். ஓய்வு, எளிய உணவு, உரிய மருந்து, கூட்டத்திலிருந்து விலகியிருத்தல் ஆகிய நான்கும் இதில் அடங்கியுள்ளன. ஐப்பசி அடைமழையில் தொடங்கி மார்கழிப் பனி வரை சளியும் இருமலும் காய்ச்சலும் முதியோரை வாட்டும் காலத்தில், இந்நான்கையும் கடைப்பிடிப்பவர் விரைவில் தேறுகின்றனர். “ஒரு நாள்கூடக் கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை” என்று காய்ச்சலோடு விடியற்காலைக் குளிரில் நடப்பவர்களே பெரும்பாலும் துன்பத்தை வளர்த்துக்கொள்கின்றனர்.

ஆலயத்தில் இருந்த ஆதுலர் சாலை

ஆலயமும் மருத்துவமும் இணைந்திருந்ததற்குத் தமிழகத்திலேயே கல்வெட்டுச் சான்று உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த வாலாஜாபாத்துக்கு அருகே, பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் ஆலயத்தில், 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, ஆலயத்தைச் சார்ந்து இயங்கிய ‘ஆதுலர் சாலை’யைப் பற்றி விரிவாகக் கூறுகிறது. ஆதுலர் என்றால் நோயாளர். 15 படுக்கைகள், ஒரு வைத்தியர், அறுவை மருத்துவம் செய்வோர் ஒருவர், மூலிகை கொண்டுவருவோர், பணிவிடை செய்யும் பெண்கள் என அனைவருக்கும் அங்கே மானியம் ஒதுக்கப்பட்டிருந்தது.

அச்சாலையில் இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் கல்வெட்டில் உள்ளது. அவற்றுள் ஒன்று ‘வாஸாஹரீதகி’. வாஸா என்பது ஆடாதோடை. ஹரீதகி என்பது கடுக்காய். இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் ஆடாதோடையைப் பயன்படுத்துவது நம் நாட்டின் பழைய வழக்கம். இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் சில இருமல் மருந்துகளில் உள்ள ப்ரோம்ஹெக்சின் என்னும் பொருளும், ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்னும் சத்தை ஆராய்ந்ததன் வழியே உருவானதுதான். வேலியோரத்து மூலிகையும் ஆங்கில மருந்தும் சில இடங்களில் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

முதலில் நோயை அறிதல்

நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் காரணத்தை அறிந்து, தணிக்கும் வழியைத் தேர்ந்து செயல்பட வேண்டும் என்று ‘மருந்து’ அதிகாரத்தில் வழிகாட்டுகிறார் திருவள்ளுவர். சளிக்கும் இவ்வரிசை பொருந்தும்.

சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரஸ் கிருமிகள் 200க்கும் மேற்பட்டவை. மூக்கொழுகல், தும்மல், தொண்டைக் கரகரப்பு என்று மெல்லத் தொடங்கி, பெரும்பாலும் 7 முதல் 10 நாள்களில் தானாகவே தணியும். ஃப்ளு எனப்படும் இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் வேறு வகை. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் படுத்துவிடும் அளவுக்கு அது திடீரென வரும். கடும் காய்ச்சல், குளிர் நடுக்கம், எலும்பெல்லாம் நோகும் உடல்வலி, மிகுந்த அசதி ஆகியவை அதன் அடையாளங்கள். முதியோருக்கு அது நிமோனியா எனப்படும் நுரையீரல் அழற்சியாக மாறக்கூடும்.

இவ்விரண்டும் வைரஸால் வருபவை. ஆகவே ஆன்டிபயாடிக் மாத்திரைகள் இவற்றுக்குப் பயன் தருவதில்லை. சென்ற ஆண்டு மீந்த மாத்திரையைத் தேடி எடுத்து விழுங்குவது வீண்; தீங்கும் கூட. வீட்டு மருந்துகளும் கிருமியைக் கொல்வதாகக் கொள்ளலாகாது. உடல் தன் வலிமையால் நோயை வெல்லும் வரை தொண்டைக்கு இதமும், மூக்குக்கு வழியும், வயிற்றுக்குப் பசியும், இரவில் உறக்கமும் தருவதே அவற்றின் பணி. அப்பணியை அவை செம்மையாகச் செய்கின்றன.

தொண்டைக்கு

எளிமையில் முதலிடம் உப்புநீருக்கே. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, நாளுக்கு 3 அல்லது 4 முறை தொண்டையில் படுமாறு கொப்பளித்தால் வலியும் கரகரப்பும் குறையும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்நீரை விழுங்காமல் துப்பிவிட வேண்டும்.

அடுத்தது சுக்கு. சுக்குக்குத் தோலும், கடுக்காய்க்குக் கொட்டையும் ஆகாது என்பது பாட்டிமார் வாக்கு. ஆகவே சுக்கின் மேல்தோலைச் சீவிய பின்னரே இடிக்க வேண்டும். இரண்டு தம்ளர் நீரில் அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி, ஒரு தேக்கரண்டி தனியா, 5 மிளகு, ஒரு கைப்பிடி துளசி இலை சேர்த்து, ஒரு தம்ளராக வற்றும் வரை காய்ச்சி வடிகட்டலாம். காலையும் மாலையும் உணவுக்குப் பின் அரைத் தம்ளர் போதும். கருப்பட்டி சேர்த்தால் சுவை கூடும். சர்க்கரை நோயாளிகள் அதைத் தவிர்க்க வேண்டும். வயிற்றுப்புண்ணோ நெஞ்செரிச்சலோ உள்ளவர்கள் மிளகைக் குறைப்பதோடு, வெறும் வயிற்றிலும் அருந்தலாகாது.

இரவில் சூடான பாலில் கால் தேக்கரண்டி மஞ்சள்தூளும் ஒரு சிட்டிகை மிளகுத்தூளும் சேர்த்து அருந்துவது பல இல்லங்களின் வழக்கம். மஞ்சளின் சத்தை உடல் ஏற்றுக்கொள்ள மிளகு துணைபுரிகிறது. முன்னோர் இவ்விரண்டையும் சேர்த்து வைத்தது பொருத்தமே.

மூக்கடைப்புக்கு

ஆவி பிடித்தல் மூக்கடைப்பைத் தளர்த்தும். நொச்சி இலையோ துளசியோ போடலாம். ஒன்றும் கிடைக்காவிடில் வெறும் வெந்நீரின் ஆவியே போதும். ஆனால் முதியோர் இல்லங்களில் சளியைக் காட்டிலும் ஆவி பிடிக்கும்போது நேரும் தீக்காயமே கொடியதாகிவிடுவதுண்டு. அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தின் மீது குனியலாகாது. பாத்திரத்தை மடியிலோ கட்டிலிலோ வைத்துக்கொள்ளலாகாது. அடுப்பிலிருந்து இறக்கி, அசையாத மேசையின் மேல் வைத்து, கண்களை மூடி, முகத்தைச் சற்றுத் தள்ளியே வைத்து, 5 நிமிடம் பிடித்தால் போதுமானது. கை நடுக்கமோ தலைசுற்றலோ உள்ளவருக்கு வீட்டார் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

மஞ்சள் கிழங்கைச் சுட்டு அப்புகையை முகர்வதும், அறை நிறையச் சாம்பிராணி போடுவதும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கும். அத்தகையோர் இருக்கும் இல்லத்தில், பூஜையறைத் தூபத்தைக்கூட நோய் தீரும் வரை குறைத்துக்கொள்வது நலம்.

இருமலுக்கு

இரவில் உறங்கவிடாத வறட்டு இருமலுக்கு, படுக்கப் போகுமுன் ஒரு தேக்கரண்டி தேன் இதமளிக்கும். கற்பூரவல்லியின் இரண்டு இலைகளைக் கழுவி வெந்நீரில் போட்டு அருந்துவதும் உண்டு. தூதுவளை இலையைத் துவையலாகவோ ரசமாகவோ செய்யலாம். இலையின் முள்களை நீக்கி, நெய்யில் வதக்கிய பின்னரே அரைக்க வேண்டும். ஆடாதோடை வீரியமுள்ள மூலிகை. சித்த மருத்துவர் கூறும் அளவில் மட்டுமே அதை உட்கொள்ள வேண்டும். கருவுற்ற பெண்களுக்குக் கொடுக்கலாகாது.

நிலவேம்புக் குடிநீரும் கபசுரக் குடிநீரும் இன்று எல்லோரும் அறிந்தவை. இவை பல மூலிகைகள் சேர்ந்த சித்த மருந்துகள். வீட்டுப் பானம் போல நாள்தோறும் குடிப்பதற்குரியவை அல்ல. அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவில் கேட்டறிந்து, அவர்கள் சொல்லும் நாள்களுக்கு மட்டும் அருந்துவதே முறை.

பசிக்கும் தெம்புக்கும்

பெருமாள் கோயில் தீர்த்தத்தில் துளசியும் பச்சைக் கற்பூரமும் மணக்கின்றன. மடைப்பள்ளியின் வெண்பொங்கலில் மிளகும் சீரகமும் சேர்கின்றன. காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு நிவேதிக்கப்படும் கோயில் இட்லியிலோ சுக்கும் மிளகும் சீரகமும் ஒருங்கே உள்ளன. செரிமானத்தைத் தூண்டும் இப்பொருள்களை அன்றாட உணவிலேயே கலந்து வைத்தது நம் சமையல் மரபு.

காய்ச்சல் நாள்களில் குழையக் காய்ச்சிய கஞ்சி, இட்லி, மிளகு ரசம் சேர்த்துப் பிசைந்த சாதம் ஆகியவை போதும். நாக்கு கசந்து உணவே வேண்டாம் என்று தோன்றும்போது கண்டந்திப்பிலி ரசம் கைகொடுக்கும். ஐந்தாறு சிறு குச்சிகள் கண்டந்திப்பிலி, ஒரு தேக்கரண்டி மிளகு, அரைத் தேக்கரண்டி சீரகம், ஒரு தேக்கரண்டி துவரம்பருப்பு ஆகியவற்றை நெய்யில் வறுத்துப் பொடித்து, நீர்க்கக் கரைத்த புளியில் கொதிக்கவிட்டு, கறிவேப்பிலை தாளித்து இறக்கலாம். இது இரண்டு மூன்று பேருக்குக் காணும்.

இடையிடையே வெந்நீரோ கஞ்சித் தண்ணீரோ அருந்திக்கொண்டிருத்தல் இன்றியமையாதது. தாக உணர்வு முதுமையில் மங்கிவிடுவதால், கேட்கும் வரை காத்திராமல் வீட்டார் எடுத்துக் கொடுக்க வேண்டும். இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ நீரின் அளவு கட்டுப்படுத்தப்பட்டிருந்தால், அவ்வளவைத் தாண்டலாகாது.

மூலிகையும் மாத்திரையும்

இயற்கைப் பொருள் தீங்கு செய்யாது என்னும் எண்ணம் பலருக்கு உண்டு. நோயைத் தணிக்கும் ஆற்றல் ஒன்றுக்கு உண்டெனில், அளவு மீறினால் துன்புறுத்தும் ஆற்றலும் அதற்கு உண்டு. தொண்டைக்கு இதமான அதிமதுரத்தைத் தொடர்ந்து உண்டால் இரத்த அழுத்தம் ஏறும். உடலின் பொட்டாசியம் சத்தும் குறையும். அழுத்த நோயும் இதய நோயும் உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்கள் சமையலில் சேரும் இஞ்சி, பூண்டு, மஞ்சளைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. அவற்றையே கஷாயமாகவோ மாத்திரை வடிவிலோ மிகுதியாக உட்கொள்ளுமுன் மருத்துவரைக் கேட்டல் வேண்டும். தேன், கருப்பட்டி, வெல்லம் அனைத்தும் சர்க்கரையை ஏற்றுபவையே. அன்றாட மாத்திரைகளை, “கஷாயம் குடிக்கிறேனே” என்று நிறுத்திவிடவும் கூடாது.

பேரக்குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும் தாத்தா பாட்டியர் இரண்டு செய்திகளை மறக்கலாகாது. ஒரு வயது நிறையாத குழந்தையின் நாவில் தேன் தடவலாகாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் சிசுவின் உடலில் கொடிய நஞ்சை உண்டாக்கும். கற்பூரம் சேர்ந்த தைலத்தை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கிலோ மார்பிலோ பூசலாகாது.

விரதமும் நீராடலும்

காய்ச்சல் கண்ட முதியவரின் மனத்தை உடல் வேதனையைவிட மிகுதியாக வருத்துவது, நியமம் தவறுகிறதே என்னும் கவலை. சாஸ்திரங்களோ இவ்விஷயத்தில் தாயினும் சாலப் பரிந்தே பேசுகின்றன. ஏகாதசி உபவாசம் 8 வயதிற்கு மேல் 80 வயதிற்குள் இருப்பவர்க்கே விதிக்கப்பட்டது; நோயுற்றவர்க்கு அதிலும் விலக்கு உண்டு. விரதத்தைக் கெடுக்காதவை என எட்டு கூறப்பட்டுள்ளன: நீர், கிழங்கு, பழம், பால், ஹவிஸ், அந்தணரின் விருப்பம், குருவின் சொல், மருந்து. மருந்து உண்டால் விரதம் பங்கமாகும் என்று அஞ்சுவோர்க்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுவதில்லை.

நீராடலுக்கும் அவ்வாறே மாற்று வழிகள் உண்டு. மந்திரம் சொல்லி நீரைத் தெளித்துக்கொள்வது மந்திர ஸ்நானம். திருநீற்றை மேனியெங்கும் பூசுவது ஆக்நேய ஸ்நானம். இறைவனை உள்ளத்தில் தியானிப்பது மானச ஸ்நானம். இயலாதவர்க்கென்றே பெரியோர் இவற்றை வகுத்தனர். காய்ச்சலோடு விடியற்காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று எந்த நியமமும் கட்டாயப்படுத்தவில்லை. வெந்நீரில் துணியை நனைத்து உடலைத் துடைத்து, உலர்ந்த ஆடை உடுத்தி, இருந்த இடத்திலேயே நாமம் சொல்லலாம்.

கோயிலுக்குச் செல்லாமையும் அந்நாள்களில் ஒரு கைங்கரியமே. இருமலிலும் தும்மலிலும் தெறிக்கும் துளிகளாலும், மூக்கைத் தொட்ட கைகளாலும் நோய் பரவுகிறது. வைகுண்ட ஏகாதசி நெரிசலில் ஒருவர் இருமினால் அருகில் நிற்கும் இன்னொரு முதியவருக்கு அது நோயாகிறது. காய்ச்சல் விட்டு ஒரு முழு நாளேனும் கடக்கும் வரை வீட்டிலேயே வழிபட்டு, பிறகும் இருமல் நீடித்தால் முகக்கவசம் அணிந்து செல்வது பிற அடியார்க்குச் செய்யும் உபகாரம். தீர்த்தம் பெறுமுன் கைகளைச் சோப்பிட்டு 20 விநாடி கழுவுவதும் அவ்வகைப்பட்டதே.

எல்லை எது?

மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, உதடு நீலம் பாரித்தல், சளியில் இரத்தம், நீர்கூட உட்கொள்ள இயலாமை, சிறுநீர் வெகுவாகக் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் கஷாயத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கலாகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 108 ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்கலாகாது. விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்து, அளவு 94க்குக் கீழே காட்டினாலும் அவ்வாறே. காய்ச்சல் மூன்று நாள்களுக்கு மேல் நீடித்தாலும், தேறி வந்தவர்க்கு மீண்டும் காய்ச்சலும் இருமலும் மிகுந்தாலும் மருத்துவரைக் காண வேண்டும். இருமல் இரண்டு வாரங்களைக் கடந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை அவசியம்.

முதியோர்க்கே உரிய ஓர் அறிகுறி உண்டு. நிமோனியா வந்தும் சிலருக்கு உடல் சுடுவதில்லை. இருமலும் மிகுதியாக இராது. திடீரென மனம் குழம்பிப் பேசுவார். நாளும் கிழமையும் மறப்பார். எந்நேரமும் தூங்கி வழிவார். நடை தள்ளாடி விழுவார். “வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டார் அதைத் தள்ளிவிடலாகாது.

ஃப்ளு காய்ச்சலுக்குரிய மருந்து, நோய் தொடங்கிய இரண்டு நாள்களுக்குள் தொடங்கினால்தான் நன்கு பலனளிக்கும். ஆகவே திடீர்க் கடுங்காய்ச்சல் கண்ட முதியவர், சர்க்கரை, இதய, நுரையீரல் நோய் உள்ளவர் முதலானோர் முதல் நாளே மருத்துவரைக் காண்பது நலம். ஆண்டுக்கொரு முறை போட்டுக்கொள்ளும் ஃப்ளு தடுப்பூசியையும், நிமோனியாவுக்கான தடுப்பூசியையும் பற்றி மழைக்காலத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

மருந்து உண்ணும் வேளையில் மகாவிஷ்ணுவை நினைக்க வேண்டும் என்பது பெரியோர் வகுத்த முறை. மாத்திரையோ கஷாயமோ, கையில் எடுத்ததும் ஒருமுறை நாராயணா என்றோ வைத்தியநாதா என்றோ அழைத்து, உரிய அளவில் உட்கொண்டு, போர்வையை இழுத்து மூடிப் படுத்திருப்பதே அந்நாள்களுக்குரிய வழிபாடு. உடல் தேறியதும் முதல் நாள் தெருமுனைப் பிள்ளையார் வரை மட்டும் நடந்து பார்த்து, தெம்பு வந்த பின் பெரிய கோயிலுக்குச் செல்லலாம். அதுவரை இறைவன் காத்திருப்பான்.